அழிப்பான் ஏன் அழிக்கவில்லை?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வார இணைப்பில் புகைப்படத் திருத்த மென்பொருள்களைப் பற்றி அண்மையில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். ஆர்வமும் பத்து நாள் பொறுமையும் இருந்தால் வீட்டிலிருந்தபடியே எவரும் இதைக் கற்றுக்கொண்டுவிடலாம் என்று அதில் எழுதப்பட்டிருந்தது. ஆர்வமும் இருந்து, பத்து நாளுக்குப் பதிலாக மூன்று மாதப் பொறுமையும் இருந்து, அப்படியும் பல இரவுகள் கணினியை அணைத்துவிட்டு எழுந்து போனவன் நான். அக்கட்டுரையில் விடுபட்டுவிட்டதாக எனக்குத் தோன்றும் ஒன்றைச் சொல்லவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

நான் ஓய்வு பெற்ற நூலகர். கணினி எனக்குப் புதிய பொருளன்று. அட்டைப் பெட்டிகளில் இருந்த நூற்பட்டியலைக் கணினியில் ஏற்றும் வேலையை மூன்று ஆண்டுகள் செய்திருக்கிறேன். ஆகவே வயதானவர்களுக்குக் கணினி என்றாலே அச்சம் என்னும் வழக்கமான பதில் எனக்குப் பொருந்தாது.

என் பெற்றோரின் திருமணப் படம் ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது. கண்ணாடிச் சட்டத்துக்குள் ஈரம் இறங்கி, தாளில் பூஞ்சை படர்ந்து, என் தாயாரின் தோளருகே குறுக்கே ஒரு வெடிப்பும் விழுந்துவிட்டது. அதை ஸ்கேன் செய்து வாங்கி வந்து, இலவசமாகக் கிடைக்கும் ஒரு மென்பொருளைக் கொண்டு நானே சீர்செய்வது என்று உட்கார்ந்தேன். முதலில் பின்னணியை நீக்க நினைத்து அழிப்பானை எடுத்துத் தேய்த்தேன். அழிந்த இடம் ஒன்றுமில்லாமல் போக வேண்டியதற்கு மாறாக, வெள்ளைச் சுண்ணாம்பு அடித்ததுபோல ஆனது. ஒளி ஊடுருவும் தன்மையைத் தாங்குகிற ஆல்ஃபா சேனல் என்ற ஒன்று, புகைப்படங்கள் வழக்கமாகச் சேமிக்கப்படும் ஜேபெக் கோப்புகளில் கிடையாது, அதை நாமே சேர்த்துக்கொள்ள வேண்டும், சேர்க்காதவரை அழிப்பான் என்பது பின்னணி நிறத்தைப் பூசும் இன்னொரு தூரிகைதான் என்பதை அறிய எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. அடுத்த வாரம் அதே அழிப்பான் எதையுமே செய்யாமல் நின்றது. வெள்ளையும் விழவில்லை, படமும் அழியவில்லை. அளவைக் கூட்டினேன், குறைத்தேன், மென்பொருளை மூடித் திறந்தேன். மூடித் திறந்தபோது வேலை செய்தது, கொஞ்ச நேரத்தில் மறுபடியும் நின்றது.

விடுமுறைக்கு வந்திருந்த என் பேரன் தோள்மேல் எட்டிப் பார்த்து இரண்டு விசைகளை அழுத்தினான், சரியாகிவிட்டது. என்னடா செய்தாய் என்று கேட்டேன். "எங்கேயோ ஒரு செலக்ஷன் இருந்திருக்கும் தாத்தா, அதை எடுத்துவிட்டேன்" என்றான். உண்மைதான். படத்தின் மேல் மூலையில், நான் தெரியாமல் இழுத்துவிட்ட சிறு தேர்வுக் கட்டம் ஒன்று இருந்திருக்கிறது. கட்டத்துக்கு வெளியே எந்தக் கருவியும் வேலை செய்யாது என்பது விதி. நானோ படத்தைப் பெரிதாக்கி அம்மாவின் தோளருகே வைத்திருந்ததால், அந்தக் கட்டத்தின், எறும்பு ஊர்வதுபோல நகரும் எல்லைக்கோடு என் திரைக்கு வெளியே ஊர்ந்துகொண்டிருந்தது.

கருவிகள் மிகுதி, மெனுக்கள் நீளம், பெயர்கள் புரியவில்லை என்றுதான் புதியவர்களின் தொல்லையைப் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள். அவையெல்லாம் பழகப் பழகச் சரியாகிவிடக் கூடியவை. என்னை எழுந்து போகவைத்தது மென்பொருளின் மௌனம். அழிப்பான் ஏன் அழிக்கவில்லை என்பது மென்பொருளுக்குத் தெரியும். கட்டம் எங்கே இருக்கிறது என்று அதற்குத் தெரியாமல் இருக்க வழியே இல்லை, ஏனெனில் அந்தக் கட்டத்தைப் பார்த்துத்தான் அது அழிக்க மறுக்கிறது. மறுப்பதற்கான காரணத்தைக் கையில் வைத்துக்கொண்டே அது வாய் மூடி நிற்கிறது. புதியவரோ தவறு தம்முடையது என்று நினைத்துக்கொள்கிறார்.

இதே மென்பொருள்கள் ஒன்றிரண்டு இடங்களில் மட்டும் மிக நன்றாகப் பேசுகின்றன என்பதுதான் வியப்பு. ஓரிடத்தின் தோற்றத்தை எடுத்து இன்னோர் இடத்தில் பதிக்கும் குளோன் கருவியை, எங்கிருந்து எடுப்பது என்று குறிக்காமல் பயன்படுத்தினால், ஃபோட்டோஷாப் வேலையை நிறுத்திவிட்டு, எடுக்க வேண்டிய இடம் இன்னும் குறிக்கப்படவில்லை, ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு சொடுக்கிக் குறிக்கவும் என்று சொல்கிறது. காரணம் ஒன்று, பரிகாரம் ஒன்று, இரண்டும் ஒரே வாக்கியத்தில். படத்தின்மேல் கண்ணாடித் தாள்போல அடுக்கப்படும் லேயர்களில், மறைத்துவைக்கப்பட்ட ஒன்றில் தூரிகையை ஓட்டினாலும், லேயர் மறைந்திருக்கிறது என்று அதே மென்பொருள் சொல்லிவிடும். அந்த நல்ல பழக்கத்தை ஏன் அங்கேயே நிறுத்திக்கொண்டார்கள் என்பதுதான் என் கேள்வி. தேர்வுக் கட்டத்துக்கு வெளியே பத்து முறை தூரிகையை ஓட்டுகிறவர் விரும்பி ஓட்டவில்லை என்பதை ஊகிக்கப் பெரிய அறிவு வேண்டாம். மூன்றாம் முறையிலேயே ஒரு வரி காட்டலாம். கிம்ப் போன்ற இலவச மென்பொருள்கள் இத்தகைய குறிப்புகள் சிலவற்றைச் சாளரத்தின் அடிப்பட்டையில் காட்டுகின்றன. கண்ணெல்லாம் படத்தின்மேல் இருக்கும்போது காலடியில் போட்ட சீட்டை யார் குனிந்து படிப்பார்கள்?

விசைப்பலகையில் ஒளிந்திருக்கும் கண்ணிகள் இன்னும் மோசம். ஃபோட்டோஷாப்பில் தூரிகை எவ்வளவு பெரியது என்று காட்டும் வட்டம், கேப்ஸ் லாக் விசை தவறுதலாக அழுந்தியிருந்தால் காணாமல் போய், அவ்விடத்தில் ஒரு சிறு கூட்டல் குறி மட்டும் நிற்கும். டேப் விசையைத் தட்டினால் பக்கவாட்டுப் பலகைகள் அனைத்தும் மறைந்துவிடும். க்யூ விசை பட்டால், அடுத்து நீங்கள் பூசும் கறுப்பு, சிவப்புச் சாயமாக விழும். இவை ஒவ்வொன்றும் தேர்ந்தவருக்கு வசதிதான், மறுக்கவில்லை; ஆனால் தட்டச்சு செய்வதுபோல ஒரு விரல் பட்டாலே நிலை மாறிவிடுகிற ஓர் இடத்தில், நிலை மாறிவிட்டது என்ற அறிவிப்பும் இருக்க வேண்டாமா? மென்பொருள் கெட்டுவிட்டது என்று நினைத்து அதை நீக்கிவிட்டு மறுபடி நிறுவியவர்களை நான் அறிவேன். நானும் ஒருமுறை அப்படிச் செய்தவன்தான்.

இது புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்ட குறையன்று. 1970களில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்ட்டோ ஆய்வகத்தில் பணியாற்றியவரும், இன்று நாம் அன்றாடம் செய்யும் வெட்டி ஒட்டும் முறையை உருவாக்கியவர்களில் ஒருவருமான லாரி டெஸ்லர், கணினி ஒரே விசைக்கு ஒவ்வொரு நிலையிலும் ஒவ்வொரு பொருள் கொள்வதை வாழ்நாள் முழுவதும் எதிர்த்தார். 'நோ மோட்ஸ்', அதாவது நிலைகளே வேண்டாம் என்பதைத் தம் காரின் எண் பலகையிலேயே எழுதிவைத்திருந்தவர். அக்காலத்துப் பிராவோ என்னும் எழுத்துத் திருத்தும் மென்பொருளைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். உள்ளிடும் நிலையில் இருப்பதாக நினைத்து ஒருவர் 'எடிட்' என்ற ஆங்கிலச் சொல்லைத் தட்டினால், அதன் முதல் எழுத்து அனைத்தையும் தேர்ந்தெடு என்றும், இரண்டாம் எழுத்து அழி என்றும், மூன்றாம் எழுத்து இனி வருவதை உள்ளிடு என்றும் கட்டளைகளாகிவிட, முழு ஆவணமும் போய் நான்காம் எழுத்து மட்டும் திரையில் எஞ்சி நிற்குமாம். டெஸ்லர் 2020இல் மறைந்துவிட்டார். அவர் எதிர்த்த நிலைகள் மட்டும் படத்திருத்த மென்பொருள்களில் தலைமுறை தாண்டியும் சுகமாக இருக்கின்றன.

பெயர்களைப் பற்றியும் ஒரு சொல். ஃபோட்டோஷாப்பை எழுதிய தாமஸ் நால், ஜான் நால் சகோதரர்களின் தந்தை புகைப்பட ஆர்வலர். படங்களைக் கழுவி அச்சிடும் இருட்டறையை வீட்டின் நிலவறையிலேயே வைத்திருந்தவர். 1990இல் முதல் பதிப்பு வெளிவந்த காலத்தில் இருட்டறைச் சொற்களே புகைப்படக்காரர்களின் தாய்மொழி. நெகட்டிவைப் பெரிதாக்கிக் காட்டும் ஒளிக்கருவியின் கீழே தாளில் விழும் ஒளியை ஒரு குச்சியில் ஒட்டிய அட்டையால் சற்று நேரம் மறைத்தால் அவ்விடம் வெளுப்பாகும், அது டாட்ஜ். கையைக் குவித்து ஓரிடத்தில் மட்டும் கூடுதல் ஒளி விழவைத்தால் அவ்விடம் கறுக்கும், அது பர்ன். இந்தக் குச்சியும் குவித்த கையும் இன்றும் கருவிப்பட்டையில் சின்னங்களாக இருக்கின்றன. நெகட்டிவில் பென்சிலால் டச்சிங் செய்த நம் ஊர் ஸ்டூடியோக் கலைஞர் ஒருவருக்கு அச்சின்னங்களைக் காட்டினேன். பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிட்டார். என் பேரனோ அந்தக் குச்சியைக் குச்சி மிட்டாய் என்றான்! படத்தைக் கூர்மையாக்கும் கருவிக்கு 'அன்ஷார்ப் மாஸ்க்', அதாவது கூர்மையற்ற திரை என்று பெயர் வைத்ததும் இருட்டறை வழக்கத்திலிருந்து வந்ததே. மங்கலான ஒரு நகலை மூலத்தோடு சேர்த்து வைத்து அச்சிட்டுக் கூர்மை கூட்டிய முறை அது. வரலாறு தெரிந்தால் இனிக்கிற பெயர்கள், தெரியாதவருக்குத் தலைகீழானவை. பெயர்களை மாற்ற வேண்டும் என்று நான் கேட்கவில்லை. சுட்டியைச் சின்னத்தின்மேல் வைத்தால் அது என்ன செய்யும் என்பதை ஒரு வாக்கியத்தில் சொன்னால் போதும். ஃபோட்டோஷாப் சில ஆண்டுகளாகச் சிறு அசைபடத்தோடு அவ்வாறு காட்டிவருவது பாராட்டத்தக்கது.

எனக்கு இன்னும் ஆற்றாமையைத் தருவது கோப்பைச் சேமிக்கும் இடம். வங்கித் தேர்வுக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகள் படும் பாட்டை என் வீட்டுத் திண்ணையிலிருந்தே பார்க்கிறேன். படம் 200க்கு 230 பிக்சல், அதாவது நுண்புள்ளி, இருக்க வேண்டும், கோப்பு 20 கேபிக்குக் குறையாமலும் 50 கேபிக்கு மேற்படாமலும் இருக்க வேண்டும், கையெழுத்துப் படம் 10 கேபி முதல் 20 கேபிக்குள் அடங்க வேண்டும் என்று அறிவிப்பில் இருக்கும். அடுத்த வீட்டுப் பெண் கடைசி நாள் மாலையில் மடிக்கணினியோடு வந்தாள். படத்தின் அளவு கேட்கும் பெட்டியில் 10 சென்டிமீட்டரை 3.5 சென்டிமீட்டராகக் குறைத்துக் குறைத்துச் சேமித்தும், கோப்பு ஒரு கேபிகூடக் குறையவில்லை என்று கண் கலங்கினாள். அந்தப் பெட்டியின் அடியில் 'ரீசாம்பிள்' என்று ஒரு சிறு கட்டம் இருக்கிறது. அதில் குறியிடாதவரை சென்டிமீட்டரை எவ்வளவு குறைத்தாலும் பிக்சல்களின் எண்ணிக்கை மாறாது. அச்சிடும்போது புள்ளிகளை நெருக்கமாக வை என்ற குறிப்பு மட்டுமே கோப்பில் மாறும். ஒரே துணியை நான்காக மடித்துவிட்டுத் துணி குறைந்துவிட்டது என்று நினைப்பதைப் போன்றதுதான் இது. அந்தப் பெண்ணுக்குத் தேவைப்பட்டது கேபி. மென்பொருளோ சென்டிமீட்டர், அங்குலத்துக்கு எத்தனை பிக்சல், தரம் 12க்கு எத்தனை என்று கேட்கிறதே தவிர, உனக்கு எத்தனை கேபிக்குள் வேண்டும் என்ற ஒரு கேள்வியை அந்தப் பெட்டியில் கேட்பதில்லை. கிம்ப்பில் தரம் 12க்குப் பதிலாக 100க்கு. ஒன்றில் கற்றது மற்றொன்றில் செல்லாது.

சேமிப்பதிலேயே இன்னொரு முடிச்சும் இருக்கிறது. 1995இல் பெர்க்லியில் மாணவர்களாக இருந்த ஸ்பென்சர் கிம்பால், பீட்டர் மாட்டிஸ் இருவரும் தொடங்கிய கிம்ப், 2012இல் வந்த 2.8 பதிப்பிலிருந்து, 'சேமி' என்றால் தன்னுடைய எக்ஸ்சிஎஃப் வடிவில் மட்டுமே சேமிக்கும். ஜேபெக் வேண்டுமென்றால் 'எக்ஸ்போர்ட்' என்ற வேறு வழியாகப் போக வேண்டும். ஜேபெக்கில் லேயர்கள் நிலைக்காது, சேமித்த பிறகு வருந்துவார்கள் என்ற நல்லெண்ணத்தில் செய்த மாற்றம் அது, வாதமும் சரியானதே. ஆனால் மணமகன் தேடும் பெற்றோரும் விண்ணப்பம் போடும் பிள்ளையும் லேயரைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் அல்லர். ஒரு படத்தைத் திறந்தார்கள், வெளிச்சம் கூட்டினார்கள், சேமித்தார்கள். பிரவுசிங் சென்டருக்கு எடுத்துச் சென்ற பென் டிரைவில் யாராலும் திறக்க முடியாத ஒரு கோப்பு இருக்கிறது. 2021இல் ஃபோட்டோஷாப்பும் இதையொத்த மாற்றத்தைச் செய்து, 'வேறு பெயரில் சேமி' பட்டியலிலிருந்து ஜேபெக்கை எடுத்து 'நகலைச் சேமி' என்ற இடத்துக்கு மாற்றியது. பலரும் முறையிட்டபின் பழைய முறைக்குத் திரும்ப விருப்பத் தேர்வுகளில் ஒரு குறியீட்டுக் கட்டத்தைக் கொடுத்தார்கள். முறையிட்டால் பலன் உண்டு என்பதற்காக இதைக் குறிப்பிடுகிறேன்.

பழக்கம் ஒருமுறை ஏறிவிட்டால் போதும் என்று நினைத்தால் அதற்கும் வழியில்லை. ஃபோட்டோஷாப்பில் கன்ட்ரோல் இசட் 2018 வரை கடைசியாகச் செய்த ஒன்றை மட்டுமே திருப்பும். மறுபடி அழுத்தினால் திருப்பியதையே திருப்பிவிடும். அவ்வாண்டின் இறுதியில் வந்த பதிப்பிலிருந்து ஒவ்வோர் அழுத்தலும் ஒரு படி பின்னே போகிறது. நல்ல மாற்றமே. அதே பதிப்பில், படத்தின் நீள அகல விகிதம் மாறாமல் இழுக்க ஷிஃப்ட் விசையை அழுத்தும் வழக்கத்தைத் தலைகீழாக்கினார்கள். அதனால் பழைய பயிற்சிக் காணொளியைப் பார்த்துச் செய்கிறவரின் மணமக்கள் குட்டையும் நெட்டையுமாகிறார்கள். கிம்ப் 2020இல் ஒத்த கருவிகளை ஒரே சின்னத்துக்குள் அடுக்கியது. 2015இல் எடுத்த பாடத்தில் காட்டப்படும் நீள்வட்டக் கருவியை இன்றைய பட்டையில் தேடுகிறவர் அது நீக்கப்பட்டுவிட்டது என்றே நினைப்பார். மாற்றம் வேண்டாம் என்பதில்லை. பாடம் எந்தப் பதிப்புக்கு உரியது என்பதை நம் தமிழ்க் காணொளிகளில் பெரும்பாலானோர் சொல்வதே இல்லை என்பதுதான் என் குறை.

தமிழ் எழுத்துகளின் கதை தனி. யூனிகோடு எனப்படும் ஒருங்குறித் தமிழை ஃபோட்டோஷாப்பின் பழைய பதிப்புகளில் ஒட்டினால், ஒற்றைக் கொம்பு மெய்யெழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும்; 'கொடி' என்பதைக் கூட்டிப் படிக்க முடியாது. விருப்பத் தேர்வுகளுக்குள் சென்று, எழுத்துகளை முறைப்படி அடுக்கிக் காட்டும் எழுத்து இயந்திரத்தை மத்திய கிழக்கு, தெற்காசியம் என்பதற்கு மாற்ற வேண்டும் என்பது தெரியாமல், எழுத்துரு கெட்டது என்று முடிவுகட்டி, இன்றளவும் பழைய குறியாக்க எழுத்துருக்களிலேயே திருமணப் பதாகை அடிக்கும் டிடிபி கடைகள் பல. அண்மைப் பதிப்புகளில் நிலைமை பெருமளவு மாறியிருக்கிறது. கடைகளின் பழக்கம் மாறவில்லை. இங்கேயும் அதே மௌனம்தான். தமிழ் எழுத்து வருகிறது என்பதை மென்பொருள் அறியும், தன் இயந்திரம் அதற்குப் பொருந்தாது என்பதையும் அறியும். இரண்டையும் சேர்த்து ஒரு வரி சொல்லியிருந்தால் எத்தனையோ கடைகள் பத்தாண்டுகளுக்கு முன்பே ஒருங்குறிக்கு வந்திருக்கும்.

மெனுக்களைத் தமிழாக்கினால் எல்லாம் தீரும் என்று சில நண்பர்கள் சொல்கிறார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடில்லை. கருவியின் பெயர் தமிழிலும் அதை விளக்கும் பாடம் ஆங்கிலப் பெயரிலும் இருந்தால், புதியவருக்கு இரண்டு பூட்டு, ஒரு சாவி. பெயர் லேயர் என்றே இருக்கட்டும். 'நீங்கள் தேர்ந்திருக்கும் லேயர் பூட்டப்பட்டிருக்கிறது, அதனால் தூரிகை ஓடவில்லை' என்ற காரணம் தமிழில் வந்தால் அதுவே பெரிய உதவி. தமிழில் ஆர்வமுள்ள தன்னார்வலர்கள் மெனுச் சொற்களுக்குக் கலைச்சொல் தேடுவதற்கு முன்பு இத்தகைய அறிவிப்பு வரிகளை மொழிபெயர்த்தால் நன்றாயிருக்கும்.

இவை தொழில்முறைக் கருவிகள், வீணை கற்பதுபோல ஆண்டுக்கணக்கில் உழைக்க வேண்டும் என்று வாதிடுவோர் உண்டு. வீணையில் விரல் தவறினால் அபசுரம் கேட்கும். தந்தி மீட்டியும் ஒலி எழாமல், எதனால் என்றும் தெரியாமல் ஒருவர் அரை மணி உட்கார்ந்திருப்பதில்லை. நிழல், ஒளி, தோல் நிறம் ஆகியவற்றைப் புரிந்துகொள்வது கடினம். அந்தக் கடினத்தை நான் விரும்பியே ஏற்கிறேன். கைபேசிச் செயலிகள் எளிதாக இருக்கின்றனவே என்பாருக்கு, அவை எதையும் கேட்பதில்லை, எதையும் கற்பிப்பதுமில்லை என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

இலவச மென்பொருளைத் தன்னார்வலர்கள் உழைத்துத் தருகிறார்கள் என்பதை அறிவேன். அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. 2025இல் வந்த கிம்ப் 3.0இல், ஒட்டிய படம் மிதக்கும் தேர்வாக அந்தரத்தில் நின்று புதியவர்களைத் திணறடித்த வழக்கத்தை மாற்றி, இயல்பாகவே புதிய லேயராக விழும்படி செய்திருக்கிறார்கள். பயன்படுத்துவோர் ஆண்டுக்கணக்கில் சொன்னதன் பயன் அது என்றே எண்ணுகிறேன். நம்மவர்கள் கடையிலும் வீட்டிலும் சலித்துக்கொள்வதோடு சரி. எங்கே சிக்கினோம் என்று எழுதி அனுப்புவதில்லை.

எனவே தங்களிடம் ஒரு வேண்டுகோள். தங்கள் வார இணைப்பில் சிறந்த பத்துச் செயலிகள் என்று பட்டியல் வெளியிடும் இடத்தில் கால் பக்கத்தை ஒதுக்கி, வாரம் ஒரு சிக்கலை மட்டும் எடுத்துக்கொண்டு, திரையின் படத்தோடும் மென்பொருளின் பதிப்பு எண்ணோடும், கருவி ஏன் மறுத்தது என்ற காரணத்தையும் சேர்த்து விளக்கலாம். வாசகர்களிடமிருந்தே கேள்விகளைப் பெறலாம். முதல் கேள்வியை நானே அனுப்பிவைக்கிறேன்: பூஞ்சைக் கறையெல்லாம் போய்விட்டது, வெடிப்பும் மறைந்துவிட்டது, ஆனால் அம்மாவின் புடவைக் கரையை ஒட்டித் திருத்தும்போதெல்லாம், கறையைச் சுற்றுப்புறத்தோடு கலந்து மறைக்கும் ஹீலிங் கருவி கரையின் நிறத்தைத் தோளுக்கு இழுத்து அப்பிவிடுகிறது.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வு பெற்ற நூலகர்,
கும்பகோணம்.